ஒன்பதாம் விதிப்படி வந்த படகு

அரசாங்கக் கணக்குப்படி மம்மது ராவுத்தர் தண்ணீருக்கு அடியில் வசித்து வந்தார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நீலிமலை அணையின் முங்கல் பதிவேடு, எண்பத்தேழாம் பக்கம், நான்காவது வரியில் எழுதியிருந்தது: "மம்மது ராவுத்தர், கடையும் வீடும், முழுவதும் முங்கியது." கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூவரும் படித்தவர்கள்.

ஆனால் மம்மதுவின் வீடு குன்றின் உச்சியில் கோழியும் அடுப்புப் புகையுமாக, நன்றாகக் காய்ந்துபோய் நின்றுகொண்டிருந்தது. முங்கியது குன்றின் அடிவாரத்தில் இருந்த பலசரக்குக் கடை மட்டும்தான்.

இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவர் மம்மதுவேதான். பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் என்று இரண்டு வரி கேட்டார்கள். மம்மது அப்போதிருந்த கிராம அதிகாரிக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்து, கடையும் வீடும் ஒன்றே என்று ஒரே வரியில் எழுத வைத்துவிட்டார். அன்று அவர் காலர் இல்லாத சட்டையிலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது குன்று தீவாயிற்று, கடை உள்ளே போயிற்று. ஒரே வரி என்பதால் வீடும் கூடவே போயிற்று. அந்தப் பேரீச்சம்பழம் இத்தனை வருஷம் கழித்துக் கொடுத்தவர் தொண்டையிலேயே சிக்கும் என்று யார் கண்டது.

பதிவேட்டைத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். மம்மதுவும் கேட்டார். பதிவேடு எழுதியபோது பாலக்காடு மதராஸோடு இருந்தது. இப்போது கேரளம் என்று புதிய ராஜ்யம் பிறந்துவிட்டது. அசல் பதிவேடு மதராஸில். நகலைத் திருத்த விதியில்லை. அசலைத் திருத்த மதராஸுக்கு அதிகாரமில்லை. முங்கியவர்களுக்குக் கரையில் வீட்டுமனை கொடுத்தார்கள். ஆனால் முங்கிய வீட்டை ஓர் ஆபீசர் நேரில் கண்டால்தான் மனை. மம்மதுவின் வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் அது முங்கவில்லையே என்று திரும்பிப் போனார்கள். திரும்பிப் போனவர்களில் ஒருவர்கூட, முங்கவில்லை என்று எழுதிக்கொடுக்கவும் இல்லை.

இதையெல்லாம் மம்மது பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பிறகு வந்தது.

மலையாளத்தில் இலாகாவை வகுப்பு என்பார்கள். புதிய ராஜ்யத்தில் ஜல உல்லாச வகுப்பு என்று ஒன்று முளைத்தது. அதற்கு ஒரு டைரக்டர். அவர் மூன்று மாதம் மேல்நாட்டுக் கடல் தீவுகளில் தங்கி, ஜனங்களைப் படகில் ஏற்றி, தண்ணீரில் முக்கி, தீவில் சோறு போட்டு, திரும்பக் கொண்டுவிடுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்து வந்தவர். நம் ஊர்ப்பக்கம் ஆடிப்பெருக்குக்கு இதைத்தான் ஆராய்ச்சி இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். டைரக்டர் வரும்போது முகத்தில் மாட்டும் ஒரு ரப்பர் கண்ணாடியும், வாயில் கவ்வி மூச்சுவிடும் வளைந்த குழாய் ஒன்றும் கொண்டுவந்தார். அந்த ஒரு கண்ணாடியையும் ஒரு குழாயையும் நம்பி நாற்பத்தோரு விதிகள் எழுதப்பட்டன.

நான்காம் விதி, ஜலாசயத்தில், அதாவது அணைத் தேக்கத்தில், வகுப்பின் மோட்டார் படகைத் தவிர வேறு எதுவும் மிதக்கக் கூடாது என்றது. மம்மதுவின் பரிசலையும் பரிசல்காரன் மாரப்பனின் பரிசலையும் பறித்துக்கொண்டு போய், டைரக்டர் பங்களாவில் மண்ணை நிரப்பி ரோஜாச் செடி வைத்தார்கள். மாரப்பனுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்து மோட்டார் படகை ஓட்டச் சொன்னார்கள். அவன் மனைவி மயிலாத்தாள் சுற்றுவட்டாரத்தில் முந்நூறு பிரசவம் பார்த்த கைக்காரி. அவளைத் தீவு விருந்துக்குச் சமையல்காரியாக்கினார்கள். மம்மதுவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, தண்ணீருக்கு அடியில் இருப்பவருக்கு எதைக் கொடுப்பது.

மம்மது நீந்தத் தொடங்கினார். மனுவை மெழுகு துணியில் சுற்றித் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் நீந்திக் கரையேறி, புளியமரத்துக்குப் பின்னால் வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். ஆனால் அவர் மனைவி கதீஜா எப்படி நீந்துவாள்? கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது இப்போது ஒன்பதாம் மாதம். பாலக்காட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள்: வலி கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் இல்லை, ஒருவேளை நீயும் இல்லை. மம்மதுவுக்கு வேண்டியதெல்லாம் கதீஜாவுக்கு ஒரே ஒரு தடவை படகு.

ஆபீசில் கல்பாத்தி கிட்டாமணி ஐயர் குமாஸ்தா. விதிப் புத்தகத்தை அவர் பிள்ளையைப்போல மடியில் வைத்திருப்பார்.

"ராவுத்தரே, மறுபடியும் வந்துட்டேளா. எப்படி வந்தேள்னு நான் கேக்கலை. நீங்க சொல்லவும் வேண்டாம்" என்றார் ஐயர்.

"சொல்லலீங்க சாமி" என்றார் மம்மது. காதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "படகு ஒருக்கா எங்கூட்டுப் பக்கம் வந்து நின்னாப் போதுங்க. அவளுக்கு மாசம் ஒம்பதுங்க."

"எந்த ஆத்துப் பக்கம்?"

"குன்னு மேல இருக்கற ஊடுங்க."

"அது முங்கியாச்சே."

"முங்கலீங்க சாமி. காலைல அங்கதான் கஞ்சி குடிச்சுப் போட்டு வந்தனுங்க."

"கஞ்சி குடிச்சது சரி. பதிவேட்டிலே முங்கியாச்சு. முங்கின ஆத்து வாசலுக்குப் படகு எப்படிப் போறது? மீனாட்டம் அடியிலேயா?"

"அப்ப சீட்டு வாங்கிக்கறனுங்க. அவளுக்கு ஒண்ணு கொடுங்க."

"சீட்டு ஆள் நேரிலே வந்தாத்தான். விதி எட்டு. சீட்டில்லாம கரைக்கு வரதுன்னா ஒரு வழிதான் உண்டு, விதி ஒம்பது." ஐயர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "ஜலாசயத்திலே காணப்படற பிரேதத்தைச் சீட்டில்லாம, ஒரு நிமிஷமும் தாமதிக்காம, ஒரு ஆபீசர் துணையோட கரை சேர்க்கணும். அது ஜல சுத்திக்காக்கும்."

"செத்தவங்களுக்குப் படகு உண்டுங்களா?"

"பேஷா உண்டு."

ஐயருக்கு மனசு கேட்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி, பன்னிரண்டாம் விதியையும் வாசித்தார். கரையிலிருந்து போகும் தலைகளும் கரைக்கு வரும் தலைகளும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டும். மம்மது கடைக்காரர், சட்டென்று கணக்குப் போட்டார். தாமே ஒரு சீட்டு வாங்கி உல்லாசப் பயணியாகத் தீவுக்குப் போவது. திரும்பும்போது அந்த இடத்தில் கதீஜாவை ஏற்றிவிடுவது. தலை எண்ணிக்கை சரியாக இருக்கும். தாம் பின்னாலேயே நீந்திக்கொள்வது. இப்படியாக மம்மது ராவுத்தர் தம் சொந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கினார். கும்ப மாதம், அதாவது நம் மாசி, முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜல உல்லாசத்தின் ஆரம்ப யாத்திரைக்கு.

அன்றைக்கு வாளையார் வழியாகக் கோயமுத்தூரிலிருந்து கார்களில் மில் முதலாளிகள், அவர்கள் மனைவிமார், இரண்டு பத்திரிகைக்காரர்கள், மேலிடத்து ஆபீசர்கள் ஏழு பேர் என்று கூட்டம் சேர்ந்தது. கடைசியில் மம்மது, சலவை வேட்டியோடு, வறண்ட தலையோடு. பல மாதங்களுக்குப் பிறகு நனையாமல் ஆபீசுக்கு வந்த அவரைக் கிட்டாமணி ஐயருக்கே அடையாளம் தெரியவில்லை. ஐயர் படகு வாசலில் நின்று தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு.

படகு நகர்ந்ததும் டைரக்டர் எழுந்து பேசினார். கோயமுத்தூர்க்காரர்களுக்காகத் தமிழில்தான் பேசினார், ஆனால் உத்தியோக மலையாளம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

"மகாஜனங்களே, இந்த ஜலாசயம் ஜனங்களுக்கு உள்ளதாக்கும். அதுகொண்டு ஜனங்கள் இதில் இறங்கப்படாது என்று நான் விதி செய்தேன். ஜனங்கள் இறங்கினால் பின்னே ஜனங்களுக்கு என்ன இருக்கும்? முன்பு இவிடெ வெறும் ஊர்கள் இருந்தன. கடை, வீடு, பள்ளிக்கூடம், ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு சஞ்சாரிகூட வரவில்லை. இப்போது ஊரில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள். இதல்லவா முன்னேற்றம்?"

எல்லாரும் கை தட்டினார்கள். மம்மதுவும் தட்டினார். சீட்டு வாங்கியவர் தட்டாமலிருந்தால் சந்தேகம் வரும்.

படகு குன்றின் அடிவாரத்தில், மம்மதுவின் கடைக்கு நேர் மேலே நின்றது. கோடை தொடங்கித் தண்ணீர் இறங்கித் தெளிந்திருந்தது. கடையின் ஓடுகளை எவனோ முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்ததால் மேலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். டைரக்டர் ரப்பர் கண்ணாடியை ஒரு வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்தார். ஒரே கண்ணாடி, அதனால் சம்பள விகிதப்படி முறை. மேலிடத்து ஆபீசர்கள் இருவருக்கு ஒரே சம்பளம். யார் முதலில் என்று தீர்மானிக்க அவர்கள் உத்தியோகத்தில் சேர்ந்த தேதியைக் கேட்டு, அதுவும் ஒன்றாக இருந்ததால் பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டு, அரை மணி போயிற்று. ஒவ்வொருவரும் ஏணியில் இறங்கி, குழாயைக் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைத்து எழுந்து, ஆகா என்றார்கள்.

"இது எந்தக் காலத்துக் கட்டிடம்?" என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்றார் டைரக்டர். "ஒரு தராசு தொங்குகிறது. அதுகொண்டு இங்கே வியாபாரம் செய்த ஏதோ ஒரு ஜாதி வாழ்ந்திருக்கலாம். இப்போது அந்த வம்சம் இல்லை."

வம்சம் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருந்தது.

டைரக்டர் கிட்டாமணி ஐயரைக் கூப்பிட்டு, வந்த இடத்தில் ஒரு பழைய கோப்பையும் முடித்துவிடலாம் என்றார். மம்மது ராவுத்தர் என்பவரின் முங்கிய வீட்டை நேரில் காண வேண்டிய கோப்பு. டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே இறங்கினார். எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, "எழுதும். கடை உண்டு. வீடு இல்லை. எனவே அப்படியொரு வீடு ஒருகாலத்தும் இருந்ததில்லை. மனைக்கு அர்ஹதையில்லை" என்றார். ஐயர் எழுதினார். அவர் கண் ஒரு தடவை மம்மதுவைத் தேடியது, பிறகு காகிதத்துக்குத் திரும்பியது.

மம்மதுவின் முறை வந்தது. சீட்டு வாங்கியவர், யாரும் தடுக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அடியில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தராசின் ஒரு தட்டு தாழ்ந்திருந்தது, அதில் ஒரு மீன் குஞ்சு உட்கார்ந்திருந்தது. உப்பு மரவை. மிளகு டப்பா. கதீஜா கல்யாணமாகி வந்த புதிதில் கல்லாவுக்கு மேலே சுண்ணாம்பில் போட்ட பிறை. மம்மதுவுக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. மூக்குவரை கண்ணீர் நிறைந்த பிறகுதான் எழுந்தார்.

"ரசித்தீர்களா?" என்றார் டைரக்டர்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் மம்மது.

பிறகு எல்லாரும் குன்றேறித் தீவு விருந்துக்குப் போனார்கள். விருந்து மம்மதுவின் வீட்டு முற்றத்தில். டைரக்டர் வீட்டைக் கைத்தடியால் சுட்டிக்காட்டி, ஜனவாசமில்லாத தீவில் தானாக நின்ற ஒரு பழைய கட்டிடம் என்று விளக்கினார்.

"கொடியில் துணி காய்கிறதே?" என்றாள் ஒரு முதலாளியின் மனைவி.

"ஒரு தத்ரூபத்துக்காக வகுப்பு ஏற்பாடு செய்தது."

வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கதீஜா வாசலுக்கு வந்து, ஒரு செம்புத் தண்ணீரை மயிலாத்தாளிடம் நீட்டினாள். வயிறு முன்னால் தெரிந்தது. பத்திரிகைக்காரர், "வேஷம் ரொம்பப் பொருத்தம்" என்று டைரக்டரைப் பாராட்டினார். டைரக்டர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

வாழையிலை போட்டுச் சோறும் அணை மீன் குழம்பும் பரிமாறினார்கள். இரண்டாம் தடவை குழம்பு வரும்போது செம்பு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்து மம்மதுவின் காதருகே குனிந்தாள்.

"பாயி, பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. கொளந்த குறுக்கால கெடக்குது. என்ர கைக்குள்ள அடங்காது. இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாத்தான்."

மம்மது எச்சில் கையோடு எழுந்து டைரக்டர் முன்னால் நின்றார். சீட்டை நீட்டினார். "ஏனுங்க, என்ர சீட்டுல எம் பொஞ்சாதி போகட்டுங்க. நான் இங்கயே நின்னுக்கறனுங்க. தலைக்குத் தலை சரியாப் போகுமுங்க. படகை இப்பவே எடுக்கச் சொல்லுங்க."

டைரக்டர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதில் ஆண் ஒன்று என்று எழுதியிருக்கிறது. ஆணின் சீட்டில் பெண் எப்படிப் போகும்? பின்னே, இந்தப் பெண் எப்போது இவிடெ வந்தாள்? கரையிலிருந்து ஏறவில்லை. ஏறாதவள் இறங்குவது எப்படி?"

"எங்கூடுங்க இது. இங்கதான் இருக்கறா."

"இங்கே ஜனவாசமில்லை என்று சற்று முன்புதான் நான் பிரசங்கித்தேன். இருபது பேர் கேட்டார்கள்." டைரக்டர் குரலைத் தாழ்த்தி அன்பாகச் சொன்னார். "எனக்கும் மனசு உண்டு. நானும் மூன்று குட்டிகளின் அச்சன். ஆனால் இன்று இவளை ஏற்றினால் நாளை வலி வரும் எல்லா ஸ்திரீகளும் படகு கேட்பார்கள். பின்னே உல்லாசம் எங்கே நடக்கும்? நீங்கள் ஓர் அபேட்சை எழுதிக் கொடுங்கள். ஊண் கழிந்து நான் பார்க்கிறேன்."

அவருக்குப் பாயசம் வந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. முதலாளியின் மனைவி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். கேட்கப் பொறுக்கவில்லையாம். ஆனால் இலையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

அப்போதுதான் கிட்டாமணி ஐயர் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். யாரும் கேட்காமலே, யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"விதி ஒம்பது. ஜலாசயத்திலே காணப்படற பிரேதத்தைச் சீட்டில்லாம, ஒரு நிமிஷமும் தாமதிக்காம, ஒரு ஆபீசர் துணையோட கரை சேர்க்கணும்." மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மம்மதுவைப் பார்த்தார். "ராவுத்தரே, மனசிலாச்சோ?"

மம்மதுவுக்கு உடனே மனசிலாகவில்லை. ஆனபோது எச்சில் கையை வேட்டியில் துடைத்தார். அப்படி ஒரு வார்த்தையை எந்தப் புருஷன் வாயால் சொல்வான். அவர் உள்ளே போனார். கதீஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதைக் கேட்டாள். பாயில் மல்லாந்து படுத்து, துப்பட்டியைத் தானே முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

மம்மது வெளியே வந்தார். "எம் பொஞ்சாதி மவுத்தாயிட்டாங்க" என்றார். அழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது தானாகவே வந்தது.

டைரக்டர் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, நாடி பிடிக்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. உயிரோடு இருப்பதற்குப் பத்து மாதமாக மம்மது கொடுத்த சாட்சிகள் ஒன்றுக்கும் உதவவில்லை. செத்ததற்கு அவர் வாய்ச்சொல் போதுமாயிருந்தது.

"இது ஜலாசயத்தில் காணப்பட்டதுதானா?" என்று மட்டும் கேட்டார்.

"பதிவேட்டுப்படி இந்த இடம் தண்ணீருக்கு அடியிலே சார்" என்றார் ஐயர். "முங்கிச் செத்ததுன்னு எழுதலாம்."

"எழுதும். மாரப்பா, படகு எடு."

விருந்தினர்கள் பிணத்தோடு ஒரே படகில் வரமாட்டோம் என்றார்கள். நல்லதாயிற்று. ஜனவாசமில்லாத தீவில் பதினேழு கனவான்களும் சீமாட்டிகளும் சாயங்காலம்வரை மம்மதுவின் கோழிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கதீஜாவைப் பாயோடு தூக்கிப் படகின் நடுவில் கிடத்தினார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் நின்றார். மம்மது கால்மாட்டில். மயிலாத்தாள் துப்பட்டிக்கு அடியில் ஒரு கையை விட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரப்பன் மோட்டாரை முடுக்கினான். பாதி வழி போவதற்குள் துப்பட்டி ஒரு தடவை உதறிக்கொண்டது.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். உடனே மயிலாத்தாள் மார்பில் ஓங்கி அறைந்துகொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"முக்கிராத என்ர கண்ணே, மூச்செ மட்டும் விடு கண்ணே,
பல்லக் கடிச்சுக்கோ என்ர மயிலே, பாதித் தண்ணி தாண்டிப் போச்சே,
கத்திராத என்ர கிளியே, கரை தெரியுது கண்ணு முன்னே,
அக்கா கை அடியில இருக்கு, அசையாம கெட என்ர பொன்னே."

முஸ்லிம் வீட்டு மய்யித்துக்குக் கவுண்டர் வீட்டு ஒப்பாரி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. டைரக்டரின் கண் கலங்கியது. "என்ன இலக்கியம்" என்றார். "ஐயரே, இதை எழுதிக்கொள்ளும். அடுத்த யாத்திரையில் சஞ்சாரிகளுக்குப் பாட வைக்கலாம்." பிறகு தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு ஓர் அனுதாபப் பிரசங்கம் செய்தார். "பாவம் இந்த ஸ்திரீ. உயிரோடு இருந்தபோது இவளுக்கு இந்த வகுப்பின் சேவை கிடைக்கவில்லை. மரணத்திலாவது கிடைத்ததே. நம் படகு எத்தனை வேகம் பாருங்கள். இருபதே நிமிஷம். இந்தக் காரியத்தில் எந்த ராஜ்யமும் நமக்கு ஈடில்லை."

துப்பட்டியில் வாய் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, மெல்ல மெல்ல உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. மம்மது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. போதும், கத்திவிடு என்று சொல்ல வாயெடுத்தார். கத்தினால் உயிர் இருப்பது தெரியும். உயிர் இருந்தால் சீட்டு வேண்டும். வாயை மூடிக்கொண்டார். அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த வகுப்பின் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

படகுத் துறையில் சொல்லி வைத்ததுபோல ஒரு சிமெண்டு லாரி நின்றிருந்தது. லாரிக்காரன் பிணமா என்று கேட்டான். "அல்ல" என்று மாரப்பன் அவன் காதில் சொன்னான். அவன் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். விதி தெரியாதவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தி வைத்துப் பிள்ளையை எடுத்தாள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். கீழுதடு இரண்டாகக் கிழிந்திருந்ததற்கு ஐந்து தையல் போட்டார்கள். குழந்தைக்கு சௌதா என்று பெயர் வைத்தார்கள்.

நாற்பது நாள் மயிலாத்தாள் வீட்டில் இருந்துவிட்டு, பிறப்புச் சீட்டுக்காக மம்மதுவும் கதீஜாவும் குழந்தையோடு கிட்டாமணி ஐயரிடம் வந்தார்கள். ஜலாசயத்தில் காணப்பட்டவர்களின் பதிவு ஐயரிடம்தான் இருந்தது. பிறப்புப் பதிவுக்காரர் அங்கிருந்து காகிதம் கேட்டிருந்தார்.

ஐயர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். புத்தகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இதோ பாருங்கோ. கதீஜா, வயசு இருபத்தெட்டு, முங்கி மரணம், மத்தியானம் ஒண்ணு பத்து. டைரக்டர் கையெழுத்து. குழந்தை பிறந்தது மூணே கால். செத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பெத்தான்னு எப்படி எழுதறது?"

"சாமி, நீங்க சொல்லித்தானுங்க…" என்றார் மம்மது.

"நான் விதியை வாசிச்சேன், அவ்வளவுதான்." ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "மரணத்தை ரத்துப் பண்ணலாம். பிரேதம் காணப்பட்ட இடத்திலேயே ஆளை உயிரோட ஒரு ஆபீசர் நேரில் காணணும். பதிவேட்டுப்படி அந்த இடம் தண்ணீருக்கு அடியிலே. டைரக்டர் கண்ணாடியை மாட்டிண்டு வருவார். நீங்க இவளை அடியிலே நிறுத்தணும்."

வெளியே மோட்டார் படகு புறப்படும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. தீவு விருந்துக்குப் போகிறார்கள்.

மனையில்லை என்று எழுதியாயிற்று. வேறு போக்கிடமும் இல்லை. குன்றின் மேலிருக்கும் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். மழைக்காலம் வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ராத்திரியில் வரலாம், பகலில் வரலாம். கதீஜா அதையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தையல் போட்ட உதட்டால் அவளுக்கு வேகமாகப் பேச வராது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ரத்து வேண்டாமுங்க சாமி. நான் அப்படியே இருந்துக்கறனுங்க." குழந்தையை மேசைக்கு அருகே கொண்டுவந்து முகம் தெரியும்படி காட்டினாள். "இவ பேரையும் அந்தப் புஸ்தகத்துலயே எழுதிக்குங்க. சௌதா, முங்கிச் செத்ததுன்னு. அவசரமுன்னா படகு வருமுல்லீங்க."